அருளாயி எதில் சமைக்கிறாள்

1

நம்மூர்ச் சனங்கள் எல்லோருக்கும் மேட்டுக்கொட்டாய் சூசை எழுதிக்கொள்வது. இதை உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சத்தமாகப் படிக்கட்டும். எந்த இடத்தையும் விட்டுவிடாமல் படிக்கட்டும். படிக்கக் கூச்சமாக இருக்கிற இடங்கள் வரும். கூச்சம் என்னுடையது, அவருடையது இல்லை.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், பழகிப்போய்விட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தொப்பூர் மலைப்பாதையில் லாரி கிளீனராக இருந்தேன். ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு நகரும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மதராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கப்பலில் எச்சில் தட்டுக் கழுவி, அறுபத்தொன்றில் சீமையில் வந்து இறங்கினேன். நம் பக்கத்தில் எனக்கு முன்னால் யாராவது போயிருந்தால் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். இங்கே இரும்பு உருக்கும் ஆலையில் பதினேழு வருடம். பத்து வெள்ளைக்காரர்களுக்கு நான் மேஸ்திரி. சொந்தத்தில் வீடு வாங்கியிருக்கிறேன். மாடி உண்டு, பின்பக்கம் துணி உலர்த்தக் கொஞ்சம் இடமும் உண்டு.

போன சனிக்கிழமை என் மகன் அந்தோணி அந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்று வந்து நின்றான். சண்டை ஒன்றும் இல்லை. இங்கே பதினெட்டு வயதானால் தனி அறை எடுத்துக்கொள்கிறார்கள். அவனை ஆறு வயதில் நான் அழைத்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவன் அம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்று அழுதான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது நான்தான். இப்போது அவன் பெயர் டோனி.

துணிமணியை எடுத்துக் கட்டிவிட்டு அடுக்களைக்கு வந்தான். மேஜைமேல் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று பிரஷர் குக்கர். இன்னொன்று அட்டைப்பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வராத ஸ்லோ குக்கர். நம்மூரில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. கரண்டில் வேலை செய்யும் பீங்கான் பானை அது. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் திரும்பும்வரை அதுபாட்டுக்கு மெதுவாக வெந்துகொண்டிருக்கும்.

"டாட், ரெண்டுல ஒண்ணு எனக்குக் குடு."

"ரெண்டும் உங்கம்மாவுக்கு வாங்கினதுடா."

"மம் வரலையே டாட். வரவும் மாட்டாங்க. உனக்கு எதுக்கு ரெண்டு? எது வேணும்னு நீயே சொல்லு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்று சொல்கிற குரலில் சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன்.

2

அந்த இரண்டில் எது நல்லது என்று நான் முன்னமே மூன்று மாதம் யோசித்திருக்கிறேன். என் ஆத்தா படுத்த படுக்கையாக இருந்தவரை என் பெண்சாதி அருளாயி ஊரைவிட்டு அசையவில்லை. எழுபத்தைந்தில் ஆத்தா போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் அவள் அங்கே தனியாக இருக்க என்ன காரணம்? அவளை வரவழைக்க மனுப் போட்டேன். மனுப் போட்ட நாளிலிருந்து வீட்டைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டினேன். கட்டிலுக்குப் புது மெத்தை வந்தது. கடைசியில் அடுக்களை.

அடுக்களையில் கரண்டு பிளக் மாட்டும் துளை ஒன்றுதான், மேஜையும் சின்னது. ஆலை கேன்டீனில் பரிமாறுகிற ஜமைக்கா அம்மாள் சொன்னாள்: "உன் மனைவியும் இங்கே வேலைக்குப் போவாள், மிஸ்டர் சூசை. ஸ்லோ குக்கர் வாங்கு. களைத்து வருகிறவளுக்குச் சுடச்சுடச் சாப்பாடு தயாராக இருக்கும்." என்னோடு உலையில் வேலை செய்கிற கர்தார் சிங் அதைக் கேட்டுச் சிரித்தார். "நம் ஊர்ப் பெண்பிள்ளைக்கு நாள் முழுக்க வேகிற பருப்பு எதற்கு? விசில் மூன்று, சாப்பாடு தயார். பிரஷர் குக்கரே போதும்" என்றார். கேன்டீனில் இதற்கு இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. டீ நேரத்தில் இதே பேச்சு. கடைக்குப் போய் மூடியைத் திறந்து பார்ப்பேன், எடையைத் தூக்கிப் பார்ப்பேன், திரும்பி வந்துவிடுவேன். கடைசியில் இரண்டையும் வாங்கினேன். வந்து அவளே பெட்டியைப் பிரிக்கட்டும் என்று ஸ்லோ குக்கரைக் கட்டுக் கலையாமல் வைத்தேன்.

மூன்று மாதம் எல்லோரிடமும் கேட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

3

எழுபத்து மூன்றில் லீவில் வந்தபோது சேலத்தில் நான் பிரஷர் குக்கர் வாங்கிக்கொண்டு வந்தது உங்களில் பாதிப் பேருக்காவது நினைவிருக்கும். கூடவே பம்பு ஸ்டவ்வும் வாங்கினேன். நம்மூரில் முதல் குக்கர் அதுதான். திருவிழா வாரம். வீட்டு முற்றத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, என் கையாலேயே கோழியும் அரிசியும் போட்டு மூடினேன். ஊரே சுற்றி நின்றது. பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"ஏம்ப்பா சூசை, இது வெடிக்காதில்ல?" என்று கேட்டார் சின்னப்பக் கவுண்டர்.

"சீமையில வூட்டுக்கு வூடு இருக்குதுங்க. அங்க யாரும் வெடிச்சுச் சாகல."

"அவுனுவ வூடு வெடிச்சா வேற ஊரு போவானுவ. நாங்க எங்கய்யா போறது?"

விசில் வந்தது. கவுண்டர் வேலியைத் தாண்டிவிட்டார். பக்கத்து வீட்டு மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ராஜா மாதிரி இருந்தேன், பொய் சொல்லவில்லை. "இனிமே என் வூட்டுல மூணு வேளையும் இதுலதான் சமையல். என் பொண்டாட்டி இனிமே புகையில நிக்கமாட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அருளாயி அதைத் துடைத்து உள்ளே எடுத்துப்போனாள்.

"எப்பிடி இருக்குது?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் குக்கர் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நலம் என்று பதில் வரும். நான், ஆத்தா, ஆடு, மாடு, குக்கர், எல்லோரும் நலம்.

4

போன வருடம் மதராஸில் உள்ள சீமை சர்க்கார் ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் விமானத்தில் நேரே மதராஸ் வந்தேன். அருளாயியை அவள் தம்பி ஞானம் ரயிலில் அழைத்து வந்தான். லாட்ஜில் இறங்கி, குளித்து, அவளுக்கு நான் கொண்டுபோன நைலான் புடவையைக் கட்டச் சொன்னேன். கட்டிக்கொண்டாள். செருப்பு மட்டும் போடத் தெரியவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்ட வெள்ளைக்காரனுக்கு என் மகனைவிடப் பத்து வயது கூட இருக்காது. பக்கத்தில் டை கட்டிய மதராஸ்காரர் ஒருவர் தமிழில் மாற்றிச் சொன்னார். எங்களுக்குக் கோயிலில் கல்யாணமான சான்று இருக்கிறது. அதை நீட்டினேன். சூசைக்கும் அருளாயிக்கும் கல்யாணம் நடந்தது சரி, வெளியே உட்கார்ந்திருக்கிற பெண் அந்த அருளாயிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றான். அதில் எனக்குக் கோபம் இல்லை. நம்மூரில் கல்லெறிந்தால் ஒரு சூசைமேலோ ஒரு அருளாயிமேலோ விழும். மனைவி என்று சொல்லி வேறு யாரையோ அழைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் வீட்டைப் பற்றிக் கேட்பார்களாம். புருஷனையும் பெண்சாதியையும் தனித்தனியாக. இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

கிணறு எந்தத் திசை? கிழக்கு. வாசற்படி எத்தனை? இரண்டு. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

"உங்கள் மனைவி எதில் சமைக்கிறாள்?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பிரஷர் குக்கரில். பம்பு ஸ்டவ். நான் வாங்கிக் கொடுத்தது. மூன்று வேளையும் அதில்தான். விசில் சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும்" என்றேன். போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சட்டி பானையெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து ஒழிந்து நாலு வருடம் ஆகிறது" என்று சேர்த்துச் சொன்னேன். கஞ்சிக்கில்லாத வீடு என்று நினைத்தால் சீமைக்கு விடமாட்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். அரைமணி நேரம் கழித்து என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். அருளாயி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டைக்காரர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: "உங்க மனைவி மண்சட்டியில சமைக்கிறதா சொல்றாங்க. மூணு கல்லு அடுப்பு. விறகு."

நான் அவளைப் பார்த்தேன்.

"குக்கர் இருக்கான்னு கேட்டோம். இருக்காம். நீங்க வந்தப்போ ஒரு நாள் நீங்களே சமைச்சீங்களாம். அதோட சரியாம்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் தினமும் குக்கர்லதான்னு சொல்றாரே, அம்மா?"

அருளாயி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாள்: "அவுரு பொய் சொல்ற ஆளு இல்லீங்க. அவுருக்குத் தெரியாதுங்க."

டைக்காரர் அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரன் தலையை ஆட்டி அதையும் எழுதினான். அந்த ஒரு வரி எனக்கும் புரிகிற இங்கிலீஷில்தான் இருந்தது. இந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்று இந்த ஆளுக்குத் தெரியாது.

5

பகல் ரயிலில் மொரப்பூருக்குத் திரும்பினோம். ஞானம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அரக்கோணம் தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் புள்ள அப்பிடிச் சொன்னே?"

"எப்பிடிங்க?"

"மண்சட்டின்னு."

"மண்சட்டிதானுங்களே."

"அப்ப குக்கர்?"

"அதுல என்னாத்தங்க ஆக்கறது? தெனமும் களிதானே. மாவைப் போட்டா துடுப்பால கிளறிக்கிட்டே இருக்கோணும். அத மூடிப் பூட்டுப் போட்டாச்சுன்னா எங்க வழியா கிளறுவேன்?"

ஞானம் சிரித்துவிட்டான். "மாமா, பத்து வெள்ளக்காரனுக்கு மேஸ்திரிங்கறீங்க. களிக்குக் கிளறோணும்னு தெரியாதுங்களா?"

"நீ சும்மா இருடா" என்றாள் அக்காக்காரி.

"லெட்டர்ல ஒரு வார்த்த எழுதியிருக்கலாமில்ல?" என்றேன்.

"குக்கர் எப்பிடி இருக்குதுன்னு கேட்டிருந்தீங்க. நல்லா இருக்குதுன்னு எழுதச் சொன்னேன். நல்லாத்தானே இருக்குது, புதுசாட்டமே. நீங்க ஊருக்கே சொல்லிப்போட்டீங்க. அப்புறம் நான் போயி இல்லன்னு சொன்னா உங்களுக்கு நல்லாவா இருக்கும்?"

எனக்கு ஆத்திரம். யார்மேல் என்று தெரியவில்லை. சீமை அடுக்களையில் அவளுக்காகக் காத்திருக்கும் இன்னொரு பானையைப் பற்றிச் சொன்னேன். சத்தம் வராது, வெடிக்காது, தொடவே வேண்டாம் என்றேன்.

"அதுல கிளறலாங்களா?"

"மூடியத் தொறக்கவே கூடாது. தொறந்தா சூடு போயிரும்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "அப்ப அதுவும் பரண் மேலதானுங்க."

வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். மூடி ரப்பரில் கடைக்காரன் போட்ட பவுடர்கூடப் போகவில்லை. உள்ளே என் கடிதங்கள். பதினாறு வருடக் கடிதங்கள். கரையான் ஏறாது, எலி புகாது, ஓலைக் கூரை ஒழுகினாலும் ஈரம் இறங்காது என்று அதில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். அவள் அந்தக் குக்கருக்குக் கண்டுபிடித்த உபயோகம் அது.

லீவில் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வாசல் பக்கம் வரவில்லை, உங்கள் யாரையும் பார்க்க வரவில்லை, சூசைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நீங்கள் பேசினீர்களாம். நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன். களிச்சட்டி ஒன்று, குழம்புச்சட்டி ஒன்று, அதற்கு வாய் உடைந்திருக்கிறது. மோர்ப்பானை ஒன்று. விறகு வேலிக்கருவை, மழை நாளில் சோளத்தட்டு. மேற்குக் காற்று அடித்தால் புகை உள்ளேயே சுற்றும், அப்போது கதவோரம் குந்திக்கொண்டு கிளறுவாள்.

"எதுக்குங்க இதையெல்லாம் எழுதறீங்க?"

"மறுபடி கேப்பாங்க."

"சட்டிக்கு வாய் ஒடைஞ்சதுமா கேப்பாங்க?"

ஒரு ஆளுக்குக் களி கிண்டும் சட்டி எவ்வளவு சின்னது என்று அன்றுதான் பார்த்தேன்.

6

நான் சீமைக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் காகிதம் வந்தது. சொல்லப்படும் உறவு உண்மை என்று திருப்தி ஏற்படவில்லை, அனுமதி இல்லை. அப்பீல் போடலாம் என்று கீழே ஒரு வரி. போட்டேன். ஏழு பக்க விண்ணப்பப் பாரம். ஒரு இடத்தில் 'மனைவி' என்பதற்கு முன்னால் 'என்று சொல்லப்படுகிற' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எழுதினேன், அடிக்காமல்.

அப்பீல் விசாரணை இங்கேயே நடந்தது. கேட்டவர் வயதானவர், மரியாதையானவர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சர்க்கார் பக்கம் பேசினவர் என்னைக் கேட்டார், இப்போது சொல்லுங்கள், உங்கள் மனைவி எதில் சமைக்கிறாள்? நான் நோட்டில் இருந்ததையெல்லாம் பார்க்காமல் சொன்னேன். சட்டி, உடைந்த வாய், வேலிக்கருவை, சோளத்தட்டு, மேற்குக் காற்று.

"இதெல்லாம் முதல் விசாரணையில் உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியாது."

"எப்போது தெரிந்துகொண்டீர்கள்?"

"அதற்கப்புறம். போய்ப் பார்த்தேன்."

"அதாவது, படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்."

"என் வீட்டை நான் படிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்கும்போது குரல் உயர்ந்துவிட்டது. வயதானவர் எதையோ குறித்துக்கொண்டார்.

குக்கரிலிருந்து எடுத்து வந்த என் கடிதங்களையும் அவளுடைய பதில்களையும் ஒரே கட்டாகக் கொடுத்தேன். இத்தனை வருடக் கடிதங்கள், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். என் கடிதங்களில் ஐந்து விதமான கையெழுத்து. மேஸ்திரி சூசையின் கோழிக்கிறுக்கல் எழுத்தை ஊர் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று, என்னோடு தங்கியிருந்த தமிழ் ஆட்களிடம் சொல்லச் சொல்ல எழுதி வாங்கினவை அவை. ஒருவர் அறையைக் காலிசெய்துவிட்டுப் போனால், அடுத்து வந்தவர் எழுதினார். அவளுடைய பதில்கள் உபதேசியார் எழுத்து. அந்தக் கட்டு முழுவதிலும் புருஷன் எழுத்து ஒன்றுகூட இல்லை, பெண்சாதி எழுத்து ஒன்றுகூட இல்லை. இதை அவர்கள் சொல்லவில்லை, நானே பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கடைசியாக அந்தோணியைக் கேட்டார்கள். போட்டோவைக் காட்டி, இது உன் அம்மாவா என்றார்கள். அப்படித்தான் நினைக்கிறேன் என்றான். அம்மா எதில் சமைத்தாள், ஏதாவது நினைவிருக்கிறதா?

அவன் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தான். நான் மனதுக்குள் மாதாவைக் கும்பிட்டேன். "புகை" என்றான் இங்கிலீஷில். "புகை மட்டும் ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனைத் திட்டினேன். "உன்னப் பெத்தவடா. ஒரு சட்டி இருந்துச்சுன்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிரும்?"

"எனக்குத் தெரியாது டாட். தெரியாததைச் சொல்லச் சொல்றியா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ அப்பிடிச் சொல்லித்தானே மம் அங்க இருக்காங்க."

நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீடு வரைக்கும் நடந்தேன். இரண்டாவது தடவையும் அனுமதி இல்லை என்று காகிதம் வந்தது. காரணம், மனுதாரரின் பதில்கள் முதல் தடவை பொருந்தவில்லை, இரண்டாம் தடவை அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன.

நாளைக்கு வா என்று சொன்னேன் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தான். இரண்டையும் எடுத்துக்கொள் என்றேன். ஒன்று போதும் என்று ஸ்லோ குக்கர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். வாசலில் திரும்பி, "மேல எதாவது எழுதணும்னா சொல்லு டாட், இங்கிலீஷ்ல நான் எழுதித் தர்றேன்" என்றான். அதற்குமேல் அவனிடம் நான் எதைக் கேட்பது?

7

இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது. அப்பீலுக்கு மேல் அப்பீல். அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள் என்று கர்தார் சிங் விசாரித்துச் சொன்னார். அங்கே நான் என்ன சொன்னாலும் எடுபடாது, அருளாயி சொன்னாலும் எடுபடாது. இனிமேல் பேச வேண்டியவர்கள் நீங்கள்.

வேலையை விட்டுவிட்டு நானே ஊருக்கு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. உலைப் புகையில் மார்பு கெட்டுவிட்டது. இங்கே இருந்தால் டாக்டர் பார்க்கிறான், மருந்து கொடுக்கிறான். அங்கே வந்தால் அவளுக்கு இன்னொரு படுக்கை நோயாளி, அவ்வளவுதான். என் ஆத்தாவைப் பதினாலு வருடம் பார்த்தவள் அவள். மறுபடியும் அதையே அவள் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அவளும் இந்த மாதம் எழுதச் சொல்லியிருக்கிறாள்: "கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டால் இருக்கிறேன், எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள், ஆட்டை விற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை." உபதேசியார் அதை அப்படியே எழுதியிருக்கிறார். அவருக்குப் புண்ணியம்.

அதனால் இதைக் கேட்கிறேன். அருளாயி வீட்டில் ஒரு வாய் களி சாப்பிட்டவர்கள், அவள் அடுப்பில் நெருப்பு வாங்கிப் போனவர்கள், ஆத்தா செத்த அன்றைக்கு அந்த அடுப்படியில் காப்பி போட்டவர்கள், எல்லோரும் ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள். இவள்தான் சூசையின் பெண்சாதி, இத்தனை வருடமாக எங்களுக்குத் தெரியும் என்று எழுதுங்கள். பங்குச் சாமியார் கோயில் முத்திரை வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரிய வியாழனுக்குள் அவர் கையில் சேர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பிரயோசனம் இல்லை.

எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்களை எனக்குத் தெரியும். சூசை பெரிய ஆளாச்சே, நம்மூர் மானம் போகக் கூடாதே என்று ஒரு சொல் ஏற்றிச் சொல்லிவிடுவீர்கள். ஒருவர் குக்கர் என்பீர்கள், ஒருவர் ஸ்டவ் என்பீர்கள், கவுண்டர் ஓட்டு வீடு என்றே எழுதிவிடுவார். வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன். திருவிழாவில் நான் பேசினதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஓலைக்கூரை. மூணு கல்லு அடுப்பு. வாய் உடைந்த சட்டி. அவள் புகையில்தான் நிற்கிறாள். நான் ஒன்றும் செய்து கொடுக்கவில்லை. அப்படியே எழுதுங்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லிக் கைநாட்டு வையுங்கள், ஒரு எழுத்துகூட எனக்காகக் கூட்டாதீர்கள்.